பெயர்ப்பட்டியலில் ஒரு கேள்விக்குறி

சென்ற பருவத்தின் கடைசி வாரம். தேர்வு முடிந்த களைப்போடு விடுதியின் பொது அறையில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் திரைப்படக் குழு அடுத்த பருவத்தில் பத்துப் பழைய படங்களைத் திரையிட முடிவு செய்திருந்தது. உலகின் தலைசிறந்த படங்கள் என்று நினைப்பவற்றை வரிசைப்படுத்தி ஆளுக்கொரு பட்டியல் எழுதி வரவேண்டும் என்பது பேச்சு.

எல்லாப் பட்டியல்களிலும் ஏறக்குறைய ஒரே பெயர்கள்தாம். ‘சைக்கிள் திருடர்கள்’, ‘சிட்டிசன் கேன்’, ‘பதேர் பாஞ்சாலி’, ‘ஏழு சாமுராய்’. என் பட்டியலில் மட்டும் ஏழாம் இடத்தில் 1931ல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இருந்தது. அதைப் படித்ததும் எதிரே இருந்த நண்பன் சிரித்துவிட்டான். பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டும் படத்தை சத்யஜித் ராய் படத்தோடு ஒரே தாளில் எழுத எனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டான்.

விவாதம் சூடுபிடித்தது. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத் திரைப்பட விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. இதுவரை நடந்த எட்டு வாக்கெடுப்புகளில் ‘சைக்கிள் திருடர்கள்’ ஒருமுறையும் ‘சிட்டிசன் கேன்’ ஐந்து முறையும் ‘வெர்டிகோ’, ‘ஜான் டீல்மன்’ ஆகியவை ஒவ்வொரு முறையும் முதலிடம் பெற்றன. ஒருமுறையாவது அரக்கன் படம் முதலிடத்துக்கு வந்ததுண்டா என்று அவன் கேட்டான். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1998ல் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 87வது இடத்தில் இருந்ததை நான் சொன்னேன். அவன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, 2007ல் அதே கழகம் பட்டியலைப் புதுப்பித்தபோது அந்தப் படம் நூறுக்குள்ளேயே இல்லை என்று காட்டினான்.

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கடைசியாக இன்னொரு தோழி, அந்த அரக்கனாக நடித்தவர் யார் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். போரிஸ் கார்லாஃப் என்றேன். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டாள். பெயரை வைத்து ரஷ்யராக இருக்கலாம் என்றேன். அது தவறு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு படத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடியவனுக்கு, அதைத் தாங்கி நின்ற மனிதரைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் விடுமுறையில் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒன்பதாவது பிள்ளை

அவர் ரஷ்யர் அல்லர். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23ஆம் தேதி தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரித் துறையில் வேலை பார்த்தவர். பெற்றோரின் அரவணைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. மூத்தவர்கள்தாம் கடைக்குட்டியை வளர்த்தார்கள்.

சிறுவனுக்குத் திக்குவாய். வளைந்த கால்கள். ‘ஸ்’ என்ற ஒலி நாக்கில் வழுக்கும். திக்குவதை அவர் விடாமுயற்சியால் வென்றுவிட்டார். வழுக்கும் ஒலி மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. சிறுவயதில் தேவாலய மண்டபம் ஒன்றில் நடந்த ‘சிண்டரெல்லா’ நாடகத்தில் பூதங்களின் அரசனாக வேடமிட்டார். அன்று பிடித்த நாடகப் பித்து பிறகு இறங்கவே இல்லை.

குடும்பத்தின் திட்டம் வேறு. அண்ணன்மார் அரசு வேலையில் இருந்தார்கள். அவர்களில் ஜான் என்பவர் சீனாவில் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் உயர்ந்து பின்னர் ‘சர்’ பட்டமும் பெற்றார். கடைக்குட்டியும் அதே வழியில் போகவேண்டும் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவர் வகுப்புக்குப் போனதைவிட நாடகக் கொட்டகைக்குப் போனதுதான் அதிகம். 1909ல் படிப்பை விட்டுவிட்டு, 21 வயதில் தனியாகக் கப்பலேறி கனடா போய்ச் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்தது நடிப்பு வேலையன்று. பண்ணைக் கூலி வேலை.

நம் வீடுகளிலும் இந்தக் கதை நடப்பதுண்டு. அண்ணன் போன பாதையில் தம்பி போகவேண்டும், அக்காள் எடுத்த பாடத்தைத் தங்கையும் எடுக்கவேண்டும். ஆனால் வீட்டைவிட்டுப் போனவர் உடனே வென்றார் என்று நினைத்துவிடக் கூடாது. வெற்றி வர 22 ஆண்டுகள் ஆயின.

பினாங்கில் ஒரு கல்லறை

இந்த இடத்தில் கதை நம் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. அதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை.

கார்லாஃபின் தாய்வழிப் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். பெயர் அன்னா. சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவன்ஸ்தான் அவர். ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தின் மூலம் உலகம் அறிந்த அதே அன்னா. 1831ல் இந்தியாவின் அகமதுநகரில் பிறந்தவர். அவருடைய கணவர் 1859ல் பினாங்கில் இறந்தார். கைம்பெண்ணான அன்னா பிள்ளைகளோடு சிங்கப்பூரில் தங்கி, இங்கே சிறிய பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திப் பிழைத்தார். 1862ல்தான் பாங்காக்கிலிருந்து அழைப்பு வந்தது.

டிசம்பரில் குடும்பத்தோடு பினாங்கு சென்றபோது, ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் சமாதியைப் பார்க்க வருகிறவர்கள் அங்கு அதிகம். நான் தேடிப்போனது அன்னாவின் கணவருடைய கல்லறையை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. அரக்கனாக நடித்த மனிதருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நம் ஊர் மண்ணில் கிடக்கிறார் என்பது அந்தக் கல்லைத் தொட்டபோதுதான் உறைத்தது.

அன்னா தம் இந்தியப் பிறப்பை மறைத்தார். வேல்ஸில் பிறந்ததாகவே உலகுக்குச் சொன்னார். தமக்கையின் குடும்பத்தோடும் தொடர்பை அறுத்துக்கொண்டார். இந்திய இரத்தம் கலந்தவர் என்று தெரிந்தால் வெள்ளையர் சமூகத்தில் மதிப்பு போய்விடும், ஆசிரியை வேலையும் கிடைக்காது என்ற காலம் அது.

கார்லாஃபும் அதையே செய்தார். அவருடைய பெற்றோர் இருவர் வழியிலும் இந்தியத் தொடர்பு உண்டு. மாநிறமான தோலைப் பற்றிக் கேட்டால் வெயிலில் கறுத்ததாகச் சொல்லிச் சமாளிப்பார். போரிஸ் கார்லாஃப் என்ற பெயரையும் கனடாவில் நாடகத்தில் சேர்ந்தபோது அவரே சூட்டிக்கொண்டார். கார்லாஃப் என்பது தாய்வழி முன்னோர் பெயர் என்று சொல்லிவந்தார். ஆராய்ந்தவர்களுக்கு அப்படியொரு முன்னோர் அகப்படவில்லை.

லாரியும் ஒப்பனையும்

1911 முதல் மேற்குக் கனடாவிலும் அமெரிக்காவின் சிற்றூர்களிலும் நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகத் திரிந்தார். 1912 ஜூன் 30ஆம் தேதி ரெஜைனா நகரைப் பெருஞ்சூறாவளி தாக்கியபோது அவர் அங்கே இருந்தார். நாடகம் நின்றுபோனது. இடிபாடுகளை அள்ளும் கூலி வேலைக்குப் போனார்.

முதலாம் உலகப்போர் முடியும் காலத்தில் ஹாலிவுட் வந்தார். மௌனப்பட யுகம். கூட்டத்தில் ஒருவராக நிற்பார், இல்லையென்றால் சிறுசிறு வில்லன் வேடம். மாநிறத் தோல் இருந்ததால் இந்தியர், அரேபியர் போன்ற வேடங்களும் வந்தன. மறைக்க நினைத்த அதே நிறம்தான் அவருக்குச் சோறு போட்டது. வேடம் கிடைக்காத மாதங்களில் லாரி ஓட்டினார், மூட்டை ஏற்றி இறக்கினார். நாற்பது வயதைக் கடந்தபோதும் நிலையான வருமானம் இல்லை.

அந்தக் காலத்தில் ‘ஆயிரம் முகங்களின் நாயகன்’ என்று புகழப்பட்டவர் லான் சேனி. காது கேளாத, வாய் பேசாத பெற்றோருக்குப் பிறந்தவர். உடலாலேயே பேசத் தெரிந்த நடிகர். மற்றவர்கள் செய்ய முடியாத, செய்ய விரும்பாத ஒன்றைத் தேடிப் பிடிக்கும்படி அவர் தமக்கு அறிவுரை சொன்னதாகக் கார்லாஃப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சேனி 1930ல் மறைந்தார். மறு ஆண்டே அந்த அறிவுரைக்கு வேலை வந்தது.

பெயரில்லாத வேடம்

1931 தொடக்கத்தில் யூனிவர்சல் நிறுவனத்தின் ‘டிராகுலா’ நன்றாக ஓடியது. அடுத்த திகில் படமாக மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்துக்கொண்டார்கள். 1818ல் அந்த நாவல் வெளிவந்தபோது மேரிக்கு வயது 20. என் வயது! நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உயிரைப் படைத்த இளைஞனின் பெயர். படைக்கப்பட்ட உருவத்துக்குப் பெயரே இல்லை. பெற்றவனே பெயர் வைக்காமல் ஓடிவிட்ட பிள்ளை அது.

அந்த வேடத்துக்கு முதலில் அடிபட்ட பெயர் ‘டிராகுலா’வில் நடித்த பேலா லுகோசி. அது நடக்கவில்லை. இயக்குநர் ஜேம்ஸ் வேல் ஒருநாள் ஸ்டூடியோ உணவகத்தில் கார்லாஃபைப் பார்த்தார். அவருடைய தலையின் அமைப்பும் முகத்தின் எலும்புகளும் வேலை ஈர்த்தன. அழைத்து உட்காரவைத்து, அரக்கன் வேடத்துக்குச் சோதனை ஒப்பனை செய்துகொள்ளும்படி கேட்டார். அன்று கார்லாஃப் இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, நல்லதொரு வேடம் கிடைக்கும் என்ற ஆசையோடு இருந்தாராம். அரக்கன் வேடம் என்றதும் மனம் சற்றுச் சுருங்கியது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர் முகத்தில் வேலை செய்தார். மண்டையோட்டைப் பானை மூடிபோல் அறுத்துத் திறந்து மூளையை வைத்து மூடியிருந்தால் தலை எப்படி இருக்கும் என்று யோசித்து, தட்டையான உச்சந்தலையை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணம்போல் வெளிறித் தெரிய பச்சை கலந்த சாம்பல் பூச்சு. கண் மட்டும் கூடுதல் உயிரோடு தெரிவதாகக் கார்லாஃபுக்குப் பட்டது. அதனால் இமைகளின்மேல் மெழுகு வைக்கும் யோசனையைச் சொன்னார். வாயிலிருந்த கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டார். ஒரு கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. தார்ச்சாலை போடும் தொழிலாளர்கள் அணியும் கனத்த காலணி. உடலைப் பெரிதாகக் காட்ட உள்ளே பஞ்சு வைத்த உடுப்பு. படப்பிடிப்பு தொடங்கியது ஆகஸ்ட் மாத வெயிலில். கதாநாயகனைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்றாலைக் குன்றில் ஏறும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அதில் விழுந்த முதுகுவலி வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

படத்தில் அவருக்கு ஒரு சொல்கூட வசனம் இல்லை. உறுமல், முனகல், கைகள், கண்கள். அவ்வளவுதான். கூரையைத் திறந்ததும் முதன்முறையாக வெளிச்சத்தைப் பார்க்கும் அந்த உருவம் இரு கைகளையும் மேலே நீட்டி ஒளியைப் பிடிக்கப் பார்க்கும். கூரை மூடப்பட்டதும் வெறும் கைகளோடு நிற்கும். பதினைந்து வயதில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. யாராவது அந்தக் கூரையைத் திறந்துவிட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

ஏரிக்கரைக் காட்சியும் அப்படியே. ஊரே ஓட ஓட, ஒரு சிறுமி மட்டும் அஞ்சாமல் அவனுக்குப் பூக்களைத் தருகிறாள். இருவரும் பூக்களை நீரில் எறிந்து மிதக்கவிட்டு விளையாடுகிறார்கள். கையில் பூ தீர்ந்ததும், அவளும் பூவைப்போல் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். அவள் மூழ்கியதும் தடுமாறி ஓடுகிறான். அந்தக் காலத் தணிக்கை இந்தக் காட்சியின் பிற்பகுதியை வெட்டிவிட்டது. விளைவு விபரீதமானது. அவன் கைகளை நீட்டுவது தெரியும். அடுத்து, தந்தை அவள் உடலைச் சுமந்து ஊருக்குள் வருவது தெரியும். இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர்கள் படம் காட்டியதைவிடக் கொடூரமாகக் கற்பனை செய்துகொண்டார்கள். அறியாமையால் நேர்ந்த துயரம் வெறியாட்டமாக மாறிப்போனது. வெட்டப்பட்ட பகுதி 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. பட நாளில் அந்தச் சிறுமி அரக்கன் வேடத்திலிருந்த கார்லாஃபோடுதான் காரில் போவேன் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது தணிக்கைக்குத் தெரியவில்லை.

1931 நவம்பரில் படம் வெளிவந்தது. தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அரக்கன் என்பதற்கு நேரே நடிகரின் பெயர் இல்லை. கேள்விக்குறி மட்டும் இருந்தது. மர்மத்தைக் கூட்டுவதற்கான விளம்பர உத்தி அது. படத்தின் முதல் காட்சிக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. எண்பது படங்கள்வரை நடித்து முடித்திருந்த 44 வயதுக்காரர், தாம் புகழ்பெற்றுவிட்டதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தார்.

9ஆம் எண் அட்டை

அந்த ஆண்டுக்கான ஆஸ்கார் விருதில் ஒரு வேடிக்கை நடந்தது. சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் ஃபிரெட்ரிக் மார்ச். ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தில் கொடிய மிருகமாக மாறும் வேடம். ஆக, அரக்கனாக நடித்தால் விருது கிடைக்காது என்பதில்லை. மார்ச் ஏற்கெனவே அழகான நாயகன். அந்த முகம் மிருகமாக மாறுவதை எல்லாரும் கண்ணெதிரே பார்த்தார்கள், வியந்தார்கள். கார்லாஃபுக்கு மாறுவதற்கென்று ஒரு முகமே திரையில் தரப்படவில்லை. அவர் பெயர் பரிந்துரையில்கூட வரவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

ஆனால் அவர் பெயர் வேறொரு பட்டியலில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுதான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பட்டியல்.

அப்போது ஹாலிவுட்டில் நடிகர்களுக்கு வேலை நேர வரம்பு கிடையாது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படப்பிடிப்பில் ஒருமுறை கார்லாஃப் அந்த ஒப்பனையோடு தொடர்ந்து 25 மணி நேரம் வேலை செய்ய நேர்ந்தது. 1933ல் பொருளியல் நெருக்கடியைக் காரணம் காட்டி ஸ்டூடியோக்கள் ஒப்பந்த நடிகர்களின் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தன. அந்த ஆண்டில் ஒருசில நடிகர்கள் கூடித் திரை நடிகர் சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கம் சேர்ந்தது முதலாளிகளுக்குத் தெரிந்தால் வேலை போகலாம். பெரிய நட்சத்திரங்கள் பலர் தயங்கி நின்ற நேரத்தில், இருபது ஆண்டு அலைந்து அப்போதுதான் வாழ்வைக் கண்ட கார்லாஃப் முன்வந்தார். அவருடைய உறுப்பினர் அட்டையின் எண் 9. மற்ற நடிகர்களிடம் பேசிப் பேசி ஆள் சேர்த்தார். 1937ல்தான் ஸ்டூடியோக்கள் சங்கத்தை ஏற்றன. அதன் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது, அவர் ஒருகாலத்தில் இருந்த கூட்டத்தில் ஒருவராக நிற்கும் நடிகர்களுக்கு.

கறை இல்லாதவர் அல்லர்

வாழ்க்கை வரலாறு எழுதும்போது நல்லதை மட்டும் அடுக்கிவிடக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே இதையும் சொல்லவேண்டும். 1932ல் ‘தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சூ’ படத்தில் சீனக் கொடியவனாக, கண்களை இழுத்து ஒட்டிய ஒப்பனையோடு கார்லாஃப் நடித்தார். ஆசியர்கள் வெள்ளையரை அழிக்கத் துடிக்கும் கயவர்கள் என்ற வெறுப்பைக் காசாக்கிய படம் அது. இன்று நம்மால் அதை முகம் சுளிக்காமல் பார்க்க முடியாது. தம்முடைய ஆசிய வேரை மறைத்து வாழ்ந்தவர் ஆசியரை இழிவுபடுத்தும் வேடத்தில் நடித்தார் என்பது எனக்குக் கசந்தது. அதே சமயம், அந்த வேரை வெளியே சொல்லியிருந்தால் அந்த ஊர் அவருக்கு வேறு எந்த வேடத்தைத் தந்திருக்கும் என்ற கேள்வியும் எழுந்தது. காரணம் புரிகிறது என்பதால் செயல் சரியாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அரக்கன் வேடத்தை அவர் முழுநீளப் படங்களில் மூன்று முறைதான் செய்தார். 1935ல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அரக்கன் பேசக் கற்றுக்கொள்கிறான். பேச்சு வந்தால் உருவத்தின் பரிதாபம் குறைந்துவிடும் என்று கார்லாஃப் வாதிட்டார். இயக்குநர் கேட்கவில்லை. இன்று பலர் முதல் படத்தைவிட அதையே உயர்வாகச் சொல்கிறார்கள். இதில் கார்லாஃப் சொன்னது தவறு என்பதே என் எண்ணமும். 1939ல் மூன்றாவது படத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். அந்த உருவம் வெறும் கேலிப் பொருளாகிவிடும் என்று அஞ்சினார்.

1941ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ என்ற நகைச்சுவை நாடகத்தில் ஒரு கொலைகாரனாக வந்தார். பார்ப்பவர்கள் அவனைப் பார்த்துப் போரிஸ் கார்லாஃப்போல் இருக்கிறான் என்று சொல்ல, அவனுக்குக் கோபம் தலைக்கேறும். தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு, நாள்தோறும் அரங்கத்தைச் சிரிக்கவைத்தார்.

பிள்ளைகளின் குரல்

சொந்த வாழ்வில் அவர் பலமுறை மணம் செய்தவர். ஒரே மகள் சாரா 1938ல் தந்தையின் 51ஆம் பிறந்தநாளன்றே பிறந்தார். நேரில் பழகியவர்கள் அவரை மென்மையான மனிதர் என்றே பதிவு செய்திருக்கிறார்கள். கிரிக்கெட் பிரியர். ஆங்கில நடிகர்கள் நடத்திய ஹாலிவுட் கிரிக்கெட் சங்கத்தில் விளையாடியவர். 1950ல் ‘பீட்டர் பேன்’ நாடகத்தில் கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்காகப் பிள்ளைகளை மகிழ்வித்தார். பிள்ளைகளுக்கான கதைகளைப் படித்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். 1966ல் தொலைக்காட்சியில் வந்த ‘கிரிஞ்ச்’ கேலிச்சித்திரப் படத்தின் கதைசொல்லி அவரே. அதன் இசைத்தட்டு பிள்ளைகளுக்கான கிராமி விருதைப் பெற்றது. சிறுவயதில் திக்கிய அதே நாக்கு, ‘ஸ்’ ஒலி வழுக்கும் அதே நாக்கு.

கடைசி ஆண்டுகளில் நுரையீரல் நோய் முற்றியது. காலில் கட்டு, பக்கத்தில் ஆக்ஸிஜன். அந்த நிலையில், முதல் படம் எடுக்கும் இளைஞரான பீட்டர் போக்டனோவிச்சுக்கு 1968ல் வெளியான ‘டார்கெட்ஸ்’ படத்தில் நடித்துக்கொடுத்தார். அதில் அவர் வயதான திகில்பட நடிகர். தெருவில் துப்பாக்கியோடு ஒருவன் காரணமில்லாமல் மனிதர்களைச் சுடும் காலத்தில், தம் பழைய அரக்கர்களைப் பார்த்து இனி யார் அஞ்சப்போகிறார்கள் என்று சோர்ந்துபோகும் வேடம். நீண்ட கதை ஒன்றை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் படப்பிடிப்புக் குழுவினர் கைதட்டினார்கள். 1969 பிப்ரவரி 2ஆம் தேதி இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் தம் 81வது வயதில் கார்லாஃப் காலமானார்.

மீண்டும் பொது அறையில்

ஜனவரியில் குழு மறுபடி கூடியது. இந்த முறை நான் தரவரிசையைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடு ஆண்டுக்கு 25 படங்களைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுக்கிறது. அதில் முதலிடம், கடைசி இடம் என்று எதுவும் கிடையாது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1991லேயே அதில் சேர்ந்துவிட்டது. நம் பத்துப் படங்களுக்கும் எண் போடவேண்டாம், ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த படத்துக்கு ஏன் கொண்டுவந்தோம் என்று மட்டும் சொல்வோம் என்றேன். பட்டியல்கள் பெரும்பாலும் இயக்குநரின் பெயரைத்தான் பார்க்கின்றன. நான்கு மணி நேரம் மெழுகு பூசியவருக்கும் அதைச் சுமந்து நின்றவருக்கும் அங்கே கட்டம் இல்லை என்றும் சொன்னேன். சிரித்த நண்பன் எண்ணை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. வரிசைப்படுத்தாமல் எப்படி விவாதிப்பது என்றான். அதிலும் நியாயம் உண்டு. வரிசை இருந்ததால்தானே எங்கள் சண்டையே வந்தது, நானும் படிக்கத் தொடங்கினேன்! கடைசியில் வாக்கெடுத்தோம். எண்கள் இருந்தன. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பத்தாம் இடத்தில் தொற்றிக்கொண்டது.

திரையிட்ட இரவு முப்பது பேர்போல வந்திருந்தார்கள். தொடக்கத்தில் அந்தக் கேள்விக்குறி வந்தபோது சிலர் சிரித்தார்கள். ஏரிக்கரைக் காட்சியில் அறையில் சத்தமே இல்லை. எழுபது நிமிடங்களில் படம் முடிந்தது. விளக்கைப் போட எழுந்தேன். அந்த நண்பன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். திரையில் நடிகர்களின் பெயர்கள் மறுபடி வந்தன. இம்முறை கேள்விக்குறி இல்லை. அரக்கன் என்பதற்கு நேரே போரிஸ் கார்லாஃப் என்று இருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவன் விளக்கைப் போடச் சொன்னான்.